தந்தையர் இருவர், தனயர் இருவர்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று ஒரு வரிசை வகுத்து, அவ்வரிசையில் நிற்போர் எவரையும் எதிர்த்துக் கேட்கலாகாது என்று நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டி வந்தனர். நான்காவதாக நிற்பதை அசைத்துப் பார்த்தோம்; கல் என்று கண்டோம்; கண்டதை நாடறியச் சொன்னோம். மூன்றாவதாக நிற்கும் ஆசிரியரை (நாமும் அந்த இனத்தைச் சேர்ந்தவரே) பிரம்பைக் கீழே போடு என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே அதட்டிவிட்டது. முதல் இரண்டு இடங்களைத் தொட மட்டும் கை நடுங்குகிறது. தொட்டால் நன்றி கொன்றவன் என்ற பட்டம் காத்திருக்கிறது!

தொடாமல் விட்டதன் விளைவு சிறிதன்று. 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் கேட்டுக்கு ஆளாகியிருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றனவாம். காரணங்கள் பல. வறுமை ஒன்று, வன்முறை ஒன்று, பிறவியிலேயே அமைந்த கூறுகள் சில. பெற்றோர் தலையில் எல்லாப் பழியையும் கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும், காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை ஒரு பிள்ளை காணும் முகங்கள் அவனுடைய உள்ளத்தை ஒன்றுமே செய்வதில்லை என்று எவர் சொல்லத் துணிவார்?

எத்தனை பேர் என்பதைக் கணக்கு சொல்லும். எப்படி என்பதை அறிய வேண்டுமானால் அனுபவித்தவன் எழுதிய ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். அதற்காக இரண்டு நூல்களை எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஆங்கில நாட்டில் பிறந்தவை. இரண்டிலும் மகன் தன் தந்தையை நிறுத்துப் பார்க்கிறான். ஒன்று, எட்மண்ட் காஸ் என்ற இலக்கியத் திறனாய்வாளர் 1907-ல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’. மற்றொன்று, ஜான் ஸ்டூவர்ட் மில் மறைந்த ஆண்டாகிய 1873-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு. முதல் நூலின் தந்தை முரட்டு வைதிகர். இரண்டாம் நூலின் தந்தை மதத்தை உதறித் தள்ளிய பகுத்தறிவாளர். முதல் நூலை மட்டும் படித்தால் நமக்கு வசதியான ஒரு முடிவு கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்த வசதி பறிபோகும். பறிபோகட்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்தே எடுத்தோம்.

எட்மண்டின் தந்தை பிலிப் ஹென்றி காஸ், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த பேரறிஞர். பாறை இடுக்கில் தேங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் உயிரையும் உருப்பெருக்கியில் கண்டு, தம் கையாலேயே வண்ணம் தீட்டிக் காட்டியவர். கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி உயிரினங்களை வளர்த்துக் காணும் பழக்கத்தை ஆங்கில நாட்டில் பரப்பியவரும் அவரே. அத்தகைய அறிஞர், ‘பிளிமத் சகோதரர்’ என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவராய், பைபிளின் ஒவ்வொரு சொல்லும் எழுத்துப் பிசகாத உண்மை என்று நம்பினார். பாறைகளோ வேறு கதை சொல்லின. இறந்துபட்ட உயிர்களின் எச்சங்களைத் தம் மடியில் ஏந்தி, உலகின் வயது ஆறாயிரம் ஆண்டு அன்று என்று காட்டின. என் செய்வார் பிலிப்? 1857-ல் ஒரு நூல் எழுதினார். பெயர் ‘ஆம்ஃபலோஸ்’, தொப்புள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்கும் தொப்புள் இருந்தது போல, உலகமும் படைக்கப்பட்ட அன்றே பழமையின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்பது அவர் கண்டுபிடிப்பு. நம்பினோரும் நகைத்தனர், நம்பாதோரும் நகைத்தனர்.

இந்த மனிதரின் வீட்டில்தான் எட்மண்ட் 1849-ல் பிறந்தான். தாய் எமிலியும் நூல் எழுதும் அறிவு படைத்தவள். ஆனால் கதை என்பது பொய், பொய் என்பது பாவம் என்பது அவள் கொள்கை. ஆகவே ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்ற சொற்கள் அவ்வீட்டில் ஒலித்ததே இல்லை. பரண் அறையில் கிடந்த பழைய தோல் பெட்டி ஒன்றின் உட்புறம் ஏதோ ஒரு மலிவுக் கதைப் புத்தகத்தின் தாள்களை ஒட்டியிருந்தார்கள். சிறுவன் வெறுந்தரையில் மண்டியிட்டு அதைப் படித்தான், திகிலில் உறைந்தான். கதை என்று ஒன்று உலகில் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. ஆகவே, அதில் கண்டது அத்தனையும் எங்கோ ஒரு பெண்மணிக்கு நிகழ்ந்த உண்மை என்றே நம்பினான்! கற்பனையைப் பறித்தால் குழந்தை உண்மையோடு வாழும் என்று கருதினர். உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் ஆற்றலைத்தான் பறித்தனர்.

கிறிஸ்துமஸ் பண்டிகையே புறச்சமயத்தாருடையது என்று ஒதுக்கிய வீடு அது. பணிப்பெண்கள் இரங்கி, ஒளித்து வைத்த இனிப்பில் ஒரு துண்டைச் சிறுவனுக்குக் கொடுத்தனர். வயிறும் வலித்தது, மனமும் வலித்தது. சிலைக்குப் படைத்ததைத் தின்றுவிட்டேன் என்று அலறியபடி தந்தையிடம் ஓடினான். தந்தை, எஞ்சிய இனிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குப்பைமேட்டின் நடுவே எறிந்து, சாம்பலுக்குள் ஆழப் புதைத்தார். படிப்போர் சிரிப்பர், நாமும் சிரித்தோம். ஆனால், சற்று முன் அலறிய அந்தக் குழந்தையின் குரல் அச்சிரிப்பைத் தொடரவிடாது.

1857-ல் தாய் புற்றுநோயால் இறந்தாள். இறக்குமுன் மகனை இறைப்பணிக்கென ஒப்புக்கொடுத்தாள். எட்டு வயதும் நிரம்பாதவனின் வாழ்வு அன்றே எழுதி முடிக்கப்பட்டது. பத்து வயதில், பெரியவர்கள் மட்டுமே பெறக்கூடிய ஞானமுழுக்கை ஊரார் முன்னிலையில் அவனுக்கு அளித்தனர். ஆண்டு 1859. அதே ஆண்டில்தான் டார்வின் உயிர்களின் தோற்றத்தைப் பற்றிய நூலையும், மில் உரிமையைப் பற்றிய நூலையும் வெளியிட்டனர். உலகின் சிந்தனை ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், டெவன் கடற்கரையில் ஒரு சிறுவனின் கதவு சாத்தப்பட்டது.

இங்கே தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிலிப் கொடியவர் அல்லர். மகனைக் கைப்பிடித்துக் கடற்கரைப் பாறைகளுக்கு அழைத்துச் சென்றவர். தம் ஆராய்ச்சியில் துணையாக்கிக்கொண்டவர். தாயற்ற பிள்ளையின் நலனை இரவும் பகலும் எண்ணியவர். அன்பில்லை என்று யாரும் அவர்மேல் குற்றம் சாட்ட இயலாது. குற்றம் வேறு. மகனுக்குத் தனியாக ஓர் உள்ளம் உண்டு என்பதை அவர் ஒப்பவே இல்லை. உள்ளத்தின் ஒவ்வொரு அறைக்கும் தம்மிடம் சாவி இருக்க வேண்டும் என்று எண்ணினார்.

அச்சிறுவன் எப்படிப் பிழைத்தான்? நூலின் உயிர்ப்பகுதி இதுவே. ஆறு வயதில் ஒரு நாள், தான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தந்தை தவறாக எடுத்துச் சொன்னதைக் கேட்டான். எல்லாம் அறிந்தவர் என்று எண்ணியிருந்த தந்தைக்கும் தெரியாதது உண்டு! இடி விழுந்தது போலிருந்தது. பிறகொரு நாள், தோட்டத்து நீரூற்றின் குழாயில் விளையாட்டாகத் துளை போட்டுவிட்டான். பழியைத் தந்தை குழாய் வேலைக்காரர்கள்மேல் போட்டார். மகன் வாய் திறக்கவில்லை. தனக்கும், தனக்குள்ளேயே வாழும் இன்னொருவனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் ஒன்று இவ்வுலகில் இருக்கிறது என்று உணர்ந்தான். அந்த இன்னொருவனோடு பேசலாம், அழலாம், ஆறுதல் பெறலாம். நீதிநூல்காரர் இதனைத் திருட்டு என்பர், பொய் என்பர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ‘நான்’ என்ற ஒன்று அவனுக்குள் பிறந்த நாள் அது. அந்த இரகசியத் தோழன் இல்லாதிருந்தால், பின்னாள் எட்மண்ட் இல்லை.

குமரப் பருவம் வந்தது. விடுதிப் பள்ளியில் ஒரு கோடைக்கால மாலை. உலகின் அழகெல்லாம் சன்னலுக்கு வெளியே விரிந்து கிடக்கிறது. இந்த நொடியே ஏசுநாதர் வந்து தன்னை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளம் உருகி வேண்டினான் அவ்விளைஞன். காத்திருந்தான். வந்தது தேநீருக்கான மணியோசை! இனி அவர் வரப்போவதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அன்று முதல் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிளவு தொடங்கியது. 1867-ல் இலண்டன் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது, வயது பதினேழு. தொலைவுக்குப் போய்விட்டால் விடுதலை என்று எண்ணினானோ? தபால்காரர் இருக்கிறாரே! உன் ஆன்மா எந்நிலையில் இருக்கிறது, இன்று எதைப் படித்தாய், யாரோடு பழகினாய் என்று தந்தையின் மடல்கள் ஓயாது வந்தன. அம்மடல்களை ஒரு சமய நீதிமன்றத்து விசாரணையாகவே காண்கிறார் ஆசிரியர். இருபத்தொரு வயதளவில் உறவு முறிந்தது. தன் உள்வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையை எடுத்துக்கொண்டு மகன் வெளியேறுவதோடு நூல் முடிகிறது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. எட்மண்ட் செய்திகளில் பிழை செய்பவர் என்று அவர் காலத்திலேயே பெயர் வாங்கியவர். 2002-ல் ஆன் த்வெய்ட் என்ற அம்மையார் பிலிப்பின் வரலாற்றை ஆராய்ந்து எழுதி, மகன் தீட்டிய அளவுக்கு அவர் இருண்ட மனிதர் அல்லர் என்று சான்றுகளோடு காட்டினார். ஆகவே நீதிமன்றச் சாட்சியாக இந்நூலைக் கொள்ளுதல் கூடாது. ஆனால் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் தந்தை எப்படிப் பதிந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நாம் படித்ததில்லை. பிள்ளை வாழ்வது, தந்தை உண்மையில் எப்படி இருந்தாரோ அவரோடு மட்டுமன்று. தன் மனத்தில் பதிந்த தந்தையோடும்தான்.

மதம்தானே இத்தனைக்கும் காரணம்? மதம் தொலைந்தால் இத்துன்பமும் தொலையுமே என்று நம் தோழர்களில் சிலர் இந்நேரம் முடிவு கட்டியிருப்பர். அவர்களுக்காகவே அடுத்த ஏடு.

ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தில் சமயச் சொற்பொழிவாளராகத் தகுதி பெற்று, பின் நம்பிக்கையை இழந்து, பெந்தாமின் உற்ற தோழராக விளங்கியவர். இந்தியாவைக் கண்ணால் காணாமலே இந்திய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர் என்றால் நம்மவர்க்கு நினைவு வரும். தம் மூத்த மகன் ஜானைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே பயிற்றினார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்கநூல், பதின்மூன்றில் பொருளியல். தந்தை வரலாறு எழுதும் அதே மேசையின் ஓரத்தில் மகன் கிரேக்கம் படிப்பான். அன்று இருந்த கிரேக்க அகராதி இலத்தீனில் பொருள் சொல்வது; சிறுவனுக்கோ அப்போது இலத்தீன் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே கேட்க வேண்டும். பொறுமையில்லாத அம்மனிதர் அதை மட்டும் பொறுத்துக்கொண்டார். காலை உலாவில், முதல் நாள் படித்ததை மகன் ஒப்புவிக்க வேண்டும். விடுமுறை கிடையாது. ஒத்த வயதுத் தோழர் கிடையாது. கடவுள் கிடையாது, பேய் கிடையாது, பிரார்த்தனை கிடையாது. பொருள் அறியாமல் மனப்பாடம் செய்வதும் கிடையாது. எதையும் சிந்தித்த பிறகே விடை கேட்க வேண்டும் என்பது தந்தையின் நெறி. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இது பொறாமை தரும் கல்விதான். நம் கொள்கைப்படி ஒரு பிள்ளையை வளர்க்கச் சொன்னால் இப்படித்தானே திட்டம் போடுவோம்!

விளைவு என்ன? 1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். மில்லுக்கு வயது இருபது. அறிவுலகம் வியக்கும் இளைஞர். கிழக்கிந்தியக் கம்பெனியில் தந்தையின் கீழ் வேலை. சீர்திருத்தமே வாழ்வின் குறிக்கோள். ஒரு நாள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்: வேண்டிய சீர்திருத்தம் அத்தனையும் இப்போதே கைகூடிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உண்டாகாது என்று உள்ளம் விடை சொன்னது. அவ்வளவுதான், நின்றிருந்த அடித்தளம் சரிந்தது. உறக்கம் தேற்றவில்லை, நூல்கள் தேற்றவில்லை. மாதக்கணக்கில் இருள். ஆயினும் அலுவலகம் சென்றார், எழுதினார், கூட்டங்களில் பேசினார். பழக்கத்தால் இயங்கும் பொறிபோல எல்லாவற்றையும் செய்தார். அருகில் இருந்த எவரும் கண்டுகொள்ளவில்லை!

இளைஞர்களே, இந்த இடத்தை இரு முறை படியுங்கள். துன்பத்தைச் சொல்லித் தேறுதல் பெற ஒருவர்கூட இல்லையா? தந்தை இருந்தாரே! அவரிடம் சொல்லத் தகாது என்கிறார் மில். தம் கல்வி முழுவதும் தந்தையின் படைப்பு. அது இப்படி முடியும் என்று தந்தை கனவிலும் எண்ணியதில்லை. உங்கள் திட்டம் தோற்றது என்று சொல்லி அவரை நோகச் செய்து என்ன பயன் என்று வாய் மூடிக்கொண்டாராம். தந்தையின் பெருமை கெடாதிருக்க மகன் தன் நோயை மறைக்கிறான். நம் வகுப்பறைகளில் முதல் வரிசையில் அமர்ந்து, கேட்கும்முன் கை தூக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி மறைக்கிறார்கள் என்பதை யார் அறிவார்? தேர்வில் தோற்றவனை நாம் கூப்பிட்டு விசாரிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளை யார் விசாரித்தார்கள்?

மில் மீண்ட வழி விந்தையானது. மார்மொன்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். தந்தை இறந்துபோக, சிறுவனாகிய மார்மொன்டெல், குடும்பத்துக்கு இனி எல்லாமாக நானே இருப்பேன் என்று உறுதி கொள்ளும் கட்டம். படித்ததும் மில்லின் கண்களில் நீர் வழிந்தது. நான் மரக்கட்டை அல்லன், எனக்கும் உணர்ச்சி உண்டு என்று அறிந்தார்; பாரம் இறங்கியது. தந்தை இறக்கும் காட்சியில் மகனுக்கு விடுதலை ஏன் வந்தது என்று பிற்காலத்து உளநூலார் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார்கள். பிராய்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தந்தையின் சாவை அவர் விரும்பினார் என்று சொல்வோரும் உளர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது நம் கருத்து. அக்கட்டத்தில் ஒரு சிறுவன் தானாக எழுந்து நின்று ஒரு முடிவு செய்கிறான். மில்லுக்கு அது வரை கிடைக்காதது அதுதான். அதன்பின் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை அவருக்கு மருந்தாயிற்று.

இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் வேதம், மற்றதில் தருக்கம். ஒன்றில் கதைக்குத் தடை. மற்றதில் விளையாட்டுக்குத் தடை. இரு தந்தையரும் நேர்மையாளர், உழைப்பாளர், மகனின் நன்மைக்கென்றே வாழ்ந்தவர். இருவரும் மகனைத் தம் கருத்தின் நகலாக எடுக்க முயன்றனர். எட்மண்ட் எதிர்த்துப் பிளந்துகொண்டு வெளிவந்தார். காயம் உறவில் விழுந்தது. மில் எதிர்க்கவில்லை, காயம் உள்ளே விழுந்தது. எதிர்க்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் அஞ்சுகின்றனர். எதிர்க்காத பிள்ளையைப் பற்றித்தான் நமக்கு அச்சம்.

இன்றைய உளநூலும் இதற்கு அரண் செய்கிறது. 1960-களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க அம்மையார், பெற்றோர் பிள்ளைகளை ஆளும் முறைகளை வகுத்துக் காட்டினார். அதட்டிப் பணியவைப்போர் ஒரு வகை. எதையும் கேளாமல் விட்டுவிடுவோர் ஒரு வகை. எல்லை வகுத்து, ஏன் என்று விளக்கி, பிள்ளை சொல்வதற்கும் செவி கொடுப்போர் ஒரு வகை. மூன்றாம் வகையினரின் பிள்ளைகளே பெரிதும் நலமாக வளர்கிறார்கள் என்றார். பின்னர் 1996-ல் பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் இன்னொரு கோட்டை அழுத்தமாகக் கிழித்தார். பிள்ளையின் செயலைக் கட்டுப்படுத்துவது வேறு, உள்ளத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பு என்பது முன்னது. அதனால் கேடில்லை, நன்மையே உண்டு. ‘இப்படிச் செய்தால் உன்னோடு பேசமாட்டேன்’, ‘உன்னால்தான் உன் அம்மாவுக்கு நோய் வந்தது’ என்று குற்ற உணர்ச்சியைக் குத்தி வேலை வாங்குவது பின்னது. குமரப் பருவத்தின் மனச்சோர்வோடு கைகோத்து வருவது இந்தப் பின்னதுதான்.

நம் நாட்டு வீடுகளில் இது எவ்வடிவில் வருகிறது? பெற்றோர் கூட்டத்தன்று பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்தால் போதும். ‘எங்களுக்கு என்று ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை ஐயா, எல்லாம் இவனுக்காகத்தான்’ என்று தந்தை பெருமிதத்தோடு சொல்கிறார். பதினாறு வயது மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடனை அடைக்கும் வழி தெரியாத கடன்காரனின் முகம் அது! தந்தை உழைப்பாளி, நெசவோ, தச்சோ, கூலியோ செய்து, தாம் காணாத கல்வியை மகனுக்குத் தர முனைபவர். அவர் உழைப்பை எள்ளுவோர் மனிதரல்லர். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட வீட்டில், ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்குவது ஏன் என்பது நமக்கு விளங்காததன்று. ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றி வைக்கச் சமூகத்தின் தோள் இருக்க, பதினாறு வயதுத் தோள்தானா கிடைத்தது?

பெண் பிள்ளையின் நிலை இன்னும் கொடிது. அவள் கைப்பேசி தந்தையின் கையில். நாட்குறிப்பு தாயின் கையில். யாரோடு சிரித்தாள் என்ற கணக்கு அண்ணன் கையில். அத்தனையும் அக்கறை என்றே சொல்லப்படுகிறது. சாதியைக் காக்கும் காவலும் அன்பு என்ற பெயர் சூடியே வீட்டுக்குள் நுழைகிறது. பிலிப்பின் மடலுக்குத் தபால்காரர் வந்து சேரும் வரையிலாவது எட்மண்டுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. இன்றைய விசாரணைக்கு அந்த இடைவெளியும் இல்லை.

நம் தோழர்களின் வீடுகளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை மேடையேற்றி, யாரோ எழுதிக் கொடுத்த மறுப்புரையை மனப்பாடமாகப் பேசவைத்து, கைதட்டலில் பூரிக்கும் தந்தையரை நாம் அறிவோம். டெவன் கடற்கரையில் பத்து வயதுச் சிறுவனுக்கு நடந்த முழுக்குக்கும் இதற்கும் தண்ணீர் ஒன்றுதானே வேறுபாடு? கேட்டுத் தெளிந்து ஏற்பது பகுத்தறிவு. அப்பா சொன்னார் என்று ஏற்பது, அப்பா எதைச் சொல்லியிருந்தாலும், பழைய வைதிகமே. மகன் நம் கருத்தை மறுத்து நிற்கும்போதும் அவனுக்குச் சோறும் சிரிப்பும் குறையாமல் கிடைக்கிறதா என்பதுதான் நமக்கு வைக்கப்படும் தேர்வு.

விட்டுக்கொடுத்த தந்தைக்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தோர் அறிவர். தந்தை இசைவாணர், மகனுக்கும் இசையே வாழ்வாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு. மகனின் நாட்டமோ தமிழில். ஆசையை ஓரம் வைத்து, மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார் அத்தந்தை. ஆசாரம் மிகுந்த குடும்பம்தான். நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை ஆயிரம் உண்டு. இருந்தால் என்ன? பிள்ளையின் மனம் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

எட்மண்டுக்குப் பின்னாளில் ஒரு நல்ல சிற்றன்னை வாய்த்தாள். தந்தைக்கும் மகனுக்கும் நடுவே நின்று வெப்பத்தைத் தணித்தாள். மில்லுக்கு அப்படி ஒருவரும் இல்லை. பெற்றோர் அல்லாத ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவை: ஆசிரியராகலாம், அத்தையாகலாம், படிப்பகத்துத் தோழராகலாம். அவரும் இல்லையென்றால், 2022 முதல் அரசு நடத்தும் மனநல உதவித் தொலைபேசி 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்க எந்த மேலதிகாரியின் ஆணையும் நமக்குத் தேவையில்லை.

இனி, மில்லின் ஏட்டில் நம்மைப் பெரிதும் உறுத்திய ஒன்று. பக்கந்தோறும் தந்தை இருக்கிறார். தாய் எங்கே? ஹாரியட் என்ற அப்பெண்மணி ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். அச்சேறிய நூலில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை! பெண்ணடிமையைக் கண்டித்து 1869-ல் தனி நூலே எழுதிய மில், தன் தாயை எழுத மறந்தாரா? மறக்கவில்லை. தந்தை தாயை மதித்ததில்லை. அறிவில் தமக்கு இணையில்லாதவள் என்று இகழ்ந்தே வாழ்ந்தார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் அவளை மதிக்கத் தெரியவில்லை. மனைவியை இகழும் கணவன், பிள்ளைகளிடமிருந்து தாயையும் பறித்துவிடுகிறான் என்பதை உளநூலார் சொல்லித்தானா அறிய வேண்டும்? மில்லின் தங்கையர் அண்ணனிடமே பாடம் கேட்டவர்கள். அதே தந்தையின் அதே கூரையின்கீழ் வளர்ந்த அவர்கள் உள்ளத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் தன்வரலாறு எதுவும் நம் கைக்கு வரவில்லை. தாயைப் பற்றி மில் முதற்படியில் சில வரிகள் எழுதியிருந்தார். அன்புள்ளம் கொண்ட ஒரு தாய் வாய்த்திருந்தால் தந்தையும் வேறு மனிதராகியிருப்பார், பிள்ளைகளும் அன்பு செய்யவும் பெறவும் கற்றிருப்பர் என்ற கருத்தில் அமைந்த வரிகள் அவை. அவளோ பிள்ளைகளுக்காக உழைத்து உழைத்தே ஓய்ந்தவள் என்றும் அதிலேயே குறித்திருந்தார். அச்சுக்குப் போகும் முன் அவ்வரிகள் நீக்கப்பட்டன.